பொதுச்சுவர்

அடுக்களையில் எலுமிச்சம்பழம் கை தவறினால்
எடுக்க ஓடமாட்டேன்.
கிழக்குச் சுவரோரம்
அது போய் நிற்கும் இடம் எனக்குத் தெரியும்.

பின்கதவை மூன்று முறை இழைத்தாயிற்று.
முதல் முறை பாஸ்டியான்,
அப்போது நாங்கள் கணவன் மனைவி.
இரண்டாவது, கூலிக்கு வந்த தச்சர்.
மூன்றாவது நானே.
இப்போது அது செவ்வகமில்லை.
வீடு சாய்ந்த அளவுக்குச் சாயக்
கற்றுக்கொண்ட கதவு.

ஸான்டாமில் எங்கள் தெரு முழுக்க
மரக்கால்களின் மேல் நிற்கிறது.
நுனி கீழே, அடி மேலே,
சதுப்புக்குள் அறைந்து இறக்கிய பைன் மரங்கள்.
தலைகீழாய் ஒரு காடு.
அதன்மேல்தான் என் சோபா,
என் புத்தக அலமாரி,
இன்னும் அடைபடாத கடன்.

சோதனைக்கு வந்தவள் பெயர் ஃபென்னா.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், காதில் பென்சில்.
பொதுச்சுவரை ஒட்டிக் குழி வெட்டவைத்து
உள்ளே இறங்கினாள்.
கறுத்த மரத்தலையில் ஊசிக்கருவியை வைத்து
அழுத்தினாள்.
டக்கென்று ஒரு சத்தம் வருமென்று நின்றேன்.
வரவில்லை.
பாலில் ஊறிய ரொட்டிக்குள் விரல் போவதுபோல்
போயிற்று ஊசி.
"முப்பத்தொரு மில்லிமீட்டர்" என்றாள்.

தண்ணீரில் ஊறித்தானே, என்றேன்.
"இல்லை. தண்ணீருக்குள் இருந்தவரை
நூறு வருஷம் ஒன்றும் ஆகவில்லை.
கோடையில் நீர்மட்டம் இறங்குகிறது.
காற்றுப் பட்ட தலைதான் அழுகுகிறது."

கடலை வெளியே நிறுத்திவைத்து வாழும் நாட்டில்
ஈரம் போதாமல் இறங்குகிறது என் வீடு.
சிரிக்கலாமா என்று அவளைப் பார்த்தேன்.
அவள் அளவைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள்:
உங்கள் பாதியை மட்டும் சரிசெய்ய முடியாது.
சுவர் ஒன்று. கால்களும் ஒன்று.
பக்கத்து வீட்டில் கையெழுத்து வேண்டும்.

பக்கத்து வீட்டில் சியார்ட் போஸ்மா.
சைக்கிள் கொட்டகை விவகாரத்துக்குப் பிறகு
பதினோரு வருஷம் பேச்சில்லை.
அவர் இருமல் தெரியும் எனக்கு.
ஞாயிறு காலை அவர் வானொலியில்
கப்பல் துறை வானிலை தெரியும்.
முகம்தான் கொஞ்சம் மறந்திருந்தது.

கடிதம் போட்டேன். பதிலில்லை.
இன்னொன்று போட்டேன்.
ஒன்பதாம் நாள் கதவைத் தட்டி,
"வந்து பாருங்கள்" என்றார்.
அவ்வளவுதான். முன்னால் நடந்தார்.

அவர் கூடத்தில், என் விரிசலின் மறுமுகம்.
ஓரமெல்லாம் பென்சிலால் தேதி எழுதியிருந்தார்.
நானும் எழுதியிருக்கிறேன், என் பக்கம்,
நீல மையில்.
இரண்டிலும் பதினெட்டின் கோடை இருந்தது.
இரண்டிலும் அந்தப் பெருமழை ஜனவரி இருந்தது.
அவரிடம் கூடுதலாக ஒன்று:
மே ஆறு. இரவு. அவர் கதவை அறைந்த சத்தம்.
அரை மி.மீ., பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அது பாஸ்டியான் போன இரவு.
கேள்விக்குறியையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"கதவால் விரிசல் வராது" என்றேன்.
"தெரியும். எழுதிவிட்டேன்" என்றார்.

ஆளுக்கு எழுபத்தெட்டாயிரம் யூரோ.
தரையைப் பெயர்த்தார்கள்.
இரும்புக் குழாய்களைத் துண்டு துண்டாய்ப் பற்றவைத்து
மணல் தட்டும்வரை கீழே அழுத்தினார்கள்.
சுவரில் பொந்து வெட்டிக்
கம்பி கட்டிக் காங்கிரீட் ஊற்றினார்கள்.
நான்கு மாதம் மாடியில் சமைத்தேன்,
ஒற்றை அடுப்பில்.
புழுதி உப்பு டப்பாவுக்குள்ளும் போயிற்று.

முடிந்ததும் ஃபென்னா சொன்னாள்:
இறங்கியது இறங்கியதுதான்.
இனி இறங்காது.

ஆகவே எலுமிச்சம்பழம் இப்போதும் கிழக்கே உருள்கிறது.
சியார்ட் வீட்டில் ரத்த அழுத்த மாத்திரை
தவறி விழுந்தால்
மேற்கே உருண்டு வருமாம்,
இதே சுவருக்கு.
கொட்டகையைப் பற்றி
நாங்கள் இன்னும் பேசவில்லை.